வழியில் நின்ற பை

அப்பா கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய பெண்மணியை நான் முதன்முதலில் பார்த்தது, என்னிடம் இல்லாத ஒரு குடையின் உபயத்தில்.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தாலும் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, தன் பாத்திரத்தைத் தானே கழுவி, ஒரு குறையும் சொல்லாமல்தான் இருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, காபி ஆறி ஆடை கட்டும் வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒருத்தங்களைப் பார்த்தேம்மா" என்றார்.

"எங்க பார்த்தீங்க?" என்றேன், ஏதோ பழைய சிநேகிதர் என்று நினைத்து.

"பார்த்தேன்னா, அப்படிப் பார்த்தேன்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "மாமா யோகக்காரர்" என்று சொன்னவர், என் முகத்தைப் பார்த்ததும் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"உனக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்" என்றார் அப்பா. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒரு மனிதரின் மீதி வாழ்க்கை என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்றுதான் அது வெளியே வரத் துடித்தது. ஆனால் நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைப் பரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்காமல் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். தர்மம் என்று பெருமையாகச் சொல்கிறேன். உள்ளபடி சொன்னால், ஆவல் தாங்கவில்லை.

அந்த அம்மா வேலை பார்த்தது ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள் அலுவலகத்தில். அப்பா தன் மூக்குக்கண்ணாடியை ரயிலில் விட்டுவிட்டுத் தேடிப் போன இடம் அது. கண்ணாடி முதல் தடவை போனபோதே கிடைத்துவிட்டது. அதன் பிறகும் அவர் அடிக்கடி போய் வந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கடைசி நடைமேடையின் கோடியில், பார்சல் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நீள அறை. குடைகளைக் கத்தை கத்தையாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். குறுக்கே கட்டிய கயிற்றில் ஒற்றைக் கையுறைகள் கிளிப் போட்டுத் தொங்கின. ஒரு பல்செட், பாலித்தீன் உறைக்குள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் கட்டையாய் வெட்டிய நரைத்த முடியும், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக அந்த அம்மா.

"என்ன தொலைச்சீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "குடை."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"கறுப்புன்னா, இங்க எல்லாமே கறுப்புதான். அதுல உங்க கறுப்பு எது?"

கைப்பிடியில் ஒரு கீறல் இருக்கும் என்று அளந்தேன். உள்ளே போனவர் கைப்பிடியில் கீறல் விழுந்த குடைகளாகவே மூன்று கொண்டுவந்து என் முன்னால் வரிசையாக வைத்தார். நான் இதைத் தொடுவதா அதைத் தொடுவதா என்று திருதிருவென விழித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றையும் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சொந்தக் குடைன்னா பார்த்ததும் கை தானா நீளும்மா. உங்களுக்கு நீளலை" என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, அன்றைக்கு நடைமேடை முழுக்க நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே அப்பா என்னையும் அந்த அம்மாவையும் மலைக்குக் கூப்பிட்டார். "வீட்டுல உட்கார்ந்து பேசினா இன்டர்வியூ மாதிரி இருக்கும். நடந்தா பேச்சு தானா வரும்" என்றார். பனிக்காலத்துக்குப் பாதையை மூடுவதற்கு முன் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மலை ஏறுவது எங்கள் குடும்ப வழக்கம். இடது பக்கமாக ஏறி, உச்சியைத் தொட்டு, வலது பக்கமாக இறங்கினால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். வட்டப் பாதை. அதில் அப்பாவுக்கு ஒரு தனிக் குஷி. வாழ்நாளெல்லாம் ஒரே குழாய்க்குள் மேலும் கீழும் போன லிஃப்டைப் பார்த்தவர் அல்லவா, போன வழியே திரும்பி வராத பயணம் என்றால் அவருக்கு வெல்லம்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "குடை கிடைச்சுதாம்மா?" என்றார்.

"என்ன குடை?" என்றார் அப்பா.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் வாயில் என்ன வரும்? காற்றுதான் வந்தது. அந்த அம்மா என் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "குடை கொண்டுவந்தீங்களான்னு கேட்டேன். மழை வரும் போல இருக்கே" என்றார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒருவரைப் பிடிக்காது என்று முடிவு கட்டிக்கொண்ட பிறகு அவர் நமக்கு நல்லது செய்வதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறு கிடையாது.

ஏறத் தொடங்கினோம். எங்கள் வீட்டு வரிசை எப்போதும் ஒன்றுதான். முன்னால் அப்பா, நடுவில் அம்மா, கடைசியில் நான். கடைசியில் நடப்பவர் யாரையும் தாண்டக் கூடாது. யாரும் சொல்லாமலே அன்றைக்கு அந்த அம்மா நடுவில் நடந்தார். வேறு எங்கே நடப்பார், பாவம். ஆனாலும் என் கண்ணில் அது தூசியாக உறுத்தியது.

மரங்கள் முக்கால்வாசி மொட்டையாகிவிட்டன. உதிர்ந்த இலை கணுக்கால் வரை கிடந்தது. பழுப்பு, செம்பு, துருப்பிடித்த மஞ்சள். எது பாதை, எது பாதை இல்லை என்று தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்தில் பூசியிருந்த மஞ்சள் அம்புகளைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நான் அம்புகளைவிட அந்த அம்மாவைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூச்சு வாங்கினால் நின்றார். நிற்பதை மறைக்க இயற்கையை ரசிப்பது போல நடிக்கவில்லை. ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி வழியில் கிடந்தது. எடுத்து, இலையை உதறி, கண்ணில் படுகிற உயரத்தில் ஒரு கிளையில் மாட்டினார். சற்றுத் தள்ளி ஒரு தண்ணீர் பாட்டில் மூடி. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தரையில் கிடப்பது எதையும் அந்தக் கை விடுவதாக இல்லை.

இந்த அம்மா வீட்டில் எப்படி இருப்பார்? எதையாவது வாய்விட்டுப் பாடுவாரா? அப்பா உப்புக் குறைச்சல் என்று சொன்னால் என்ன பதில் சொல்வார்? நான் இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஆன்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. சித்தி என்றால், நினைக்கும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து "இந்தாங்க", "கேளுங்க" என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

பாதி மலையில், பட்டுப்போன மரத்தின் அடிப்பகுதியில் வரிவரியாக விசிறி போன்ற காளான். என் சாபக்கேடு, இப்படி எதையாவது கண்டால் கால் நகராது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். குனிந்து பார்க்கத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது முன்னால் யாரும் இல்லை. யாரும் தொலைந்துபோக முடியாத பாதை அது, நான்தான் கடைசி ஆள் என்ற தைரியத்தில் சாவகாசமாக நடந்தேன். ஒரு பக்கம் பிளந்த பாறையைத் தாண்டினேன், சரிவில் வளைந்தேன், ஏறினேன். வழியில் எதுவும் இல்லை.

உச்சி என்பது மொட்டைப் பாறை, நடுவில் ஒரு இரும்புக் கம்பம். காற்று முகத்தில் அறைந்தது. கீழே ஊர் தெரிந்தது, ரயில் பாதை ஒரு கீறலாகத் தெரிந்தது. பாறையில் அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பைகள். ஒன்று அவருடையது. இன்னொன்று அப்பாவின் பச்சைப் பை.

"அப்பா எங்க?" என்றேன்.

"அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் போயிருப்பார்னு நினைச்சேன். எனக்கு முன்னாடி போனாரே" என்றார். "பையை வழியில மறந்துட்டுப் போயிட்டார். கூப்பிட்டுப் பார்த்தேன், காதுல விழலை. சரி, கொண்டுபோய்க் கொடுப்போம்னு எடுத்துட்டு வந்தேன்."

எடுக்கவே கூடாத பை அது.

அதை விளக்க வேண்டும். அம்மா கூச்ச சுபாவம். மலையேறும்போது ஒதுங்க வேண்டியிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வராது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் பை. யார் ஒதுங்கப் போகிறார்களோ அவர்கள் தங்கள் பையைப் பாதையின் நடுவில் நிறுத்தி வைக்க வேண்டும். பையின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். பின்னால் வருபவர் பையருகே நின்று, மறுபக்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். உலகமெல்லாம் இப்படித்தான் ஒதுங்குகிறது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். இதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மாவிடம் சொன்னேன். நல்ல விதமாகச் சொல்லவில்லை. "அது மறந்துட்டுப் போன பை இல்லை. அவர் காட்டுக்குள்ள போயிருந்தார். நீங்க எடுத்துட்டீங்க, நான் ஒண்ணும் தெரியாம தாண்டி வந்துட்டேன். அவரோட கோட்டு, போன், தண்ணி, எல்லாம் இதுல இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டத் தொடங்கிடும்."

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ" என்றார். எழுந்து இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டார். பச்சைப் பையை வாங்கக் கை நீட்டினேன். "நான் எடுத்தது, நானே கொண்டுவர்றேன்" என்று தர மறுத்துவிட்டார். ஏறிய வழியிலேயே இறங்கத் தொடங்கினோம்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோபத்தோடு கோபமாக உள்ளே ஒரு மூலையில் ஒரு நிம்மதியும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இப்போது கையில் கிடைத்துவிட்டது. இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்?

இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பை எப்படி இருந்துச்சு? வாய் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். மரங்களைப் பார்த்து, நேரா நிமிர்ந்து நின்னுச்சு" என்றார் மூச்சிரைக்க. சற்று நடந்தபின் அவரே சொன்னார், "எனக்கே அப்ப ஒரு மாதிரிதான் இருந்துச்சு. தவறவிட்ட பை அப்படி நிக்காது. சாஞ்சு கிடக்கும், குப்புறக் கிடக்கும். இது யாரோ பார்த்து வச்ச மாதிரி இருந்துச்சு."

"தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

"தெரிஞ்சும்தான் எடுத்தேன். கை முந்திடுச்சு." சாக்குச் சொல்லும் குரல் இல்லை அது. "ஆளில்லாத பையைப் பார்த்தா எடுக்காம என்னால இருக்க முடியாதும்மா. சினிமாவுல ஒருத்தன் பையை வச்சுட்டு இறங்கினாக்கூட எனக்குப் படம் ஓடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

பிளந்த பாறைக்கு மேலே ஓரிடத்தில் நின்று, "இங்கதான்" என்றார். ஒரு மஞ்சள் அம்பு, அதற்கு எதிரே, ஏறுபவருக்கு வலப்பக்கம், அடர்ந்த மரங்கள். "அப்பா!" என்று கத்தினேன். மலை என் குரலையே எனக்குத் திருப்பித் தந்தது. மரங்களுக்கிடையே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வழக்கத்தைவிட ரொம்பத் தள்ளிப் போயிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. பின்னால் வருவது மகள் என்றால் பத்தடி போதும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் வருகிறார் என்றால் புது மாப்பிள்ளை வெட்கம் எவ்வளவு தூரம் இழுத்துப் போயிருக்கும்!

"சட்டப்படி அவர் இந்த இடத்துல நின்னுட்டு இருக்கணும்" என்றேன். "யாராவது வழி தப்பிப் போனா, பை இருந்த இடத்துலதான் நிக்கணும்."

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே இலை, ஒரே மரம். "பை இருந்தாத்தானே இது அந்த இடம்?" என்றார். "பை இல்லைன்னா இதுதான் அந்த இடம்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் அப்படி யோசித்திருக்கவில்லை. மரங்களைவிட்டு வெளியே வருகிறார். பை இல்லை. எடுத்திருப்பார்கள் என்று எங்கள் வீட்டு ஆளுக்குத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம். ஆக, தான்தான் தப்பான இடத்தில் வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். அப்புறம்? பையைத் தேடுவார்.

தரையைப் பார்த்தேன். முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சற்றுக் கீழே ஓரிடத்தில் இலைகள் காலால் விலக்கப்பட்டு, ஈரமான கறுப்பு மண் வெளியே வந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. ஏறும்போது இவை இல்லை. கோழி கிளறியது போல, பாதை நெடுக யாரோ எதையோ தேடிக்கொண்டே இறங்கிப் போயிருந்தார்கள். "நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஓடும்போதே அந்தக் கறுப்புத் திட்டுகளைப் பார்த்தேன். மேலே இருந்தவை சின்னவை. கீழே போகப் போகப் பெரிதாயின, ஒழுங்கு கெட்டன, பாதையை விட்டு ஓரங்களிலும் கிளறியிருந்தன. நிதானமாகத் தேடத் தொடங்கியவர் போகப் போக நிதானம் இழந்திருக்கிறார்.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு இருந்தார். குளிரில் கைகளைத் தொடைக்கிடையே வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழவில்லை.

"பையைக் காணோம்மா" என்றார்.

"அப்பா, பை..."

"இரு, சொல்றேன். முதல்ல இடம் மாறி வந்துட்டேன்னு நினைச்சேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கு. மேலே தேடினேன், கீழே தேடினேன். அப்புறம் பையை வச்சேனா இல்லையான்னே சந்தேகம் வந்துடுச்சு. கார்லயே விட்டுட்டு வந்துட்டேனா? நீ பார்த்தியா, நான் பையோடதான் வந்தேனா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

பெரியப்பாவுக்கு முதலில் சாவி காணாமல் போனது, பிறகு தெருவின் பேர் மறந்தது, கடைசியில் பெரியம்மாவிடம் "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாக விசாரிக்கும் அளவுக்கு வந்தது. அப்பா அந்தக் காலம் முழுக்க அவர் கூடவே இருந்தவர். இந்தப் பயத்தை அவர் இத்தனை நாளாக மனதில் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

"கண்ணாடியை ரயில்ல விட்டேன். இப்ப இது" என்றார். "அவங்க நல்லா இருக்கணும்மா. என்னைக் கட்டிக்கிட்டு எனக்குச் சோறு ஊட்டவா அவங்க இருக்காங்க? நீ வேண்டாம்னு சொல்லிடு. உனக்குப் பிடிக்கலைன்னு இருக்கட்டும். நான் சொன்னா ஏன் ஏன்னு கேட்டு விட மாட்டாங்க. நீ சொன்னா ஏன்னு கேட்க மாட்டாங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாயில் வைத்தால் போதும். நான் எதைச் சொல்ல வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தேனோ, அதைச் சொல்லச் சொல்லி அப்பாவே கெஞ்சுகிறார்.

நான் பதில் சொல்வதற்குள் இலைகள் சரசரத்தன. அந்த அம்மா வந்துவிட்டார். எப்படி அவ்வளவு சீக்கிரம் இறங்கினாரோ, முழங்காலில் சேறு அப்பியிருந்தது, எங்கோ விழுந்திருக்க வேண்டும். வந்ததும் பேசவில்லை. பச்சைப் பையைத் திறந்து கோட்டை எடுத்து அப்பாவின் தோளில் போர்த்தினார். அதன் பிறகுதான், "நான்தான் எடுத்தேன்" என்றார். "வழியில இருந்துச்சு. உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். எனக்குப் பிடிக்காத சிரிப்பு அது, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நம்மைச் சமாதானப்படுத்தச் சிரிப்பார்களே, அது.

"எனக்காகச் சொல்றீங்க" என்றார். "உங்க குணம் எனக்குத் தெரியாதா? எங்கேயோ கிடந்ததைத் தேடி எடுத்துட்டு வந்து, பழியையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"இல்லைங்க, சத்தியமா..."

"விடுங்க."

அந்த அம்மா என்ன சொன்னாலும் அப்பா நம்பப் போவதில்லை. அடுத்தவருக்காகச் சட்டென்று ஒரு பொய் சொல்லக்கூடியவர் என்பது அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் அன்று காலையில் தெரிந்திருந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். சொல்லேன், வேண்டாம்னு சொல்லேன் என்று கேட்டது அந்தப் பார்வை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மலையில் அப்பா நம்பக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் நல்லவள் என்பதால் இல்லை. எனக்கு இந்த அம்மாவைப் பிடிக்காது என்பதால். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நின்றுவிடும். அதோடு, தனக்கு மூளை கலங்கத் தொடங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டு அப்பா இனி ஒவ்வொரு நாளும் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாழ்வார். தனியாக.

"அவங்கதான் எடுத்தாங்கப்பா" என்றேன். "பிளந்த பாறைக்கு மேலே, அம்புக்கு எதிர்ல. நீங்க சரியாத்தான் வச்சிருக்கீங்க. நட்ட நடுவுல, வாய் வலது பக்கம். அவங்க அதைப் பார்த்துட்டே எடுத்திருக்காங்க. நான் உச்சிக்குப் போனப்ப பாறை மேல பையை வச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

"நிஜமாவா?"

"இவங்களுக்காக நான் பொய் சொல்வேனா?"

அப்பா யோசித்தார். "சொல்ல மாட்டே" என்றார். "சத்தியமா சொல்ல மாட்டே." அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இளகியது. சிரித்தார், இந்தத் தடவை அவருடைய சொந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நிமிர்த்தி வச்ச பையை எடுத்துட்டுப் போயிருக்காங்க பாரேன்! நிமிர்த்தி வச்ச பையை!" என்று யாரோ செய்த சாதனையைப் போலச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் இருவரையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி ஏதோ பேசிட்டு இருந்தீங்க" என்றார். "என்ன அது?"

அப்பா தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். "வேண்டாம்னு என்னைச் சொல்லச் சொன்னார். எனக்கு உங்களைப் பிடிக்கலைன்னு சொல்லணுமாம்."

"பிடிக்கலையா?" என்று கேட்டார் அவர். மனத்தாங்கலோ பயமோ இல்லை. குடை என்ன நிறம் என்று அன்றைக்கு மேஜைக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே குரல். அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னும் அவ்வளவா பிடிக்கலை" என்றேன். பொய் சொல்ல அந்த இடத்தில் வழி இருக்கவில்லை. "ஆனா வேண்டாம்னு என் வாயால சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சொல்லணும்னா அவரே சொல்லிக்கட்டும்."

அப்பா சொல்லவில்லை. மரத்தைவிட்டு எழுந்து, கோட்டின் கைகளுக்குள் தன் கைகளை நுழைத்தார். விரல்கள் விறைத்திருந்ததால் பொத்தான் பிடிபடவில்லை. அந்த அம்மா முன்னால் வந்து, கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அம்மாவாக இருந்தால் "நீங்களே போட்டுக்கோங்க, குழந்தையா நீங்க" என்று அதட்டியிருப்பாள். அப்பா கழுத்துப் பொத்தான் வரை அசையாமல் நின்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள், நானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.